ஆவணியில் பேர் மாற்றிக்கொள்ளலாம்

விற்ற காரை யாராவது திருப்பிக் கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார்களா? எங்களுக்கு அது நடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச்சுக்குக் கிளம்பி, கேட்டைத் திறக்கப் போன என் வீட்டுக்காரர் தானியேல் அங்கேயே நின்றுவிட்டார். பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். எங்கள் பழைய வெள்ளைக் கார். பின்பக்கக் கண்ணாடியில் எங்கள் மகள் பேர், ‘சோனியா’ என்று சிவப்பு எழுத்தில். சில வாரத்துக்கு முன்னால் ஜெகன் ஓட்டிக்கொண்டு போன அதே வண்டி.

பால்காரருக்காகக் கேட்டில் ஒரு மஞ்சள் பை மாட்டி வைத்திருப்போம். அதில் பால் பாக்கெட்டுக்கு அடியில் கார் சாவி கிடந்தது. ஆளைக் காணவில்லை.

“குடுக்கறவன் கூப்ட்டுக் குடுக்க மாட்டானா?” என்றேன்.

“தூங்கிக்கினு இருப்போம்னு நெனச்சிருப்பான்.”

இவர் எப்போதும் இப்படித்தான். தப்புப் பண்ணுகிறவன் யோசிப்பதற்கு முன்னாலேயே அவனுக்காக ஒரு காரணத்தைத் தயார்செய்து கையில் கொடுத்துவிடுவார். நான் அப்படி இல்லை. தேங்காயைக்கூட மூன்று தடவை தட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டேன். வீட்டில் எனக்கு ‘சிபிஐ’ என்று பேர். வைத்துக்கொள்ளட்டும், எனக்கு அதில் வருத்தமே இல்லை.

ஜெகன் எங்களுக்கு வெளியாள் இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இவர் வேலை பார்க்கும் இரும்புக் கம்பி ஆலையில்தான் அவனும் வேலை. இவர் கவரைப்பேட்டையில் கம்பெனி பஸ் ஏறினால் பக்கத்து சீட்டு அவனுடையது. எங்கள் காரை அவன் கேட்டபோது ஆனி மாதம் முடியப்போகிற நேரம். ஆடிக் கிருத்திகைக்கு அம்மா, பெண்டாட்டி, பிள்ளைகளோடு திருத்தணி போகக் கார் வேண்டும் என்றான். பேசிய பணத்தை மொத்தமாகக் கையில் கொடுத்தான். அது அப்படியே சோனியாவின் நர்சிங் காலேஜ் ஃபீஸுக்குப் போய்விட்டது. எல்லாம் சரி. ஆர்சி புத்தகத்தில் பேர் மாற்றுவதற்கு மட்டும் அவனுடைய அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. பேப்பர் வேலை முடிவதற்குள் ஆடி பிறந்துவிடுமாம். ஆடி மாதத்தில் ஒரு பொருளைத் தன் பேரில் எழுதினால் விளங்காதாம்.

“வண்டி உங்க பேர்லயே இருக்கட்டும்ணா. நான் ஓட்டிக்கினு இருக்கேன். ஆவணி பொறந்ததும் பேர் மாத்திக்கலாம்,” என்றான்.

எங்களுக்கு ஆடியும் ஒன்றுதான், ஆவணியும் ஒன்றுதான். ஆனாலும் இவர், “அது அவங்க நம்பிக்கை. நாம இன்னாத்துக்குக் கெடுக்கணும்?” என்று பெரிய மனசு பண்ணினார். ஒரு வெள்ளைத்தாளிலாவது விற்றேன், வாங்கினேன் என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். பஸ்ஸில் தினமும் தோளில் சாய்ந்து தூங்குகிறவனிடம் கையெழுத்துக் கேட்க இவருக்கு வெட்கம். “நீ சும்மா இரு ஏஞ்சல்,” என்று என் வாயை அடைத்துவிட்டார்.

இப்போது அந்தக் கார் திரும்பி வந்து நிற்கிறது. இவர் ஜெகனுக்குப் போன் போட்டார். நான் காதை ஒட்டவைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

“அம்மாக்கு ஒடம்பு சரியில்லண்ணா. ஆடில வண்டிய ஊட்ல வெச்சதுதான் காரணம்னு ஒரே பேஜாரு. ஆவணி வரைக்கும் உங்காண்டயே இருக்கட்டும்,” என்று ஒரே மூச்சில் சொல்லி வைத்துவிட்டான். மனப்பாடம் பண்ணிய பிள்ளை ஒப்பிக்கிற வேகம்.

இவர் சாவியை எடுத்துக்கொண்டு வண்டியை உள்ளே விடப் போனார். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“தொடாதீங்க.”

“வெயில்ல நிக்குதுடி.”

“நிக்கட்டும். வெயில்ல நின்னா உருகிடாது.”

காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். முந்தின நாள்தான் எங்கள் பக்கம் நல்ல மழை. தெருவெல்லாம் சேறு. இந்த வண்டி மட்டும் கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. நாங்கள் வைத்திருந்த காலத்தில் அது அவ்வளவு சுத்தமாக இருந்ததே கிடையாது. வலது முன்விளக்கின் கண்ணாடி பழுப்பேறி மங்கலாக இருந்தது, அது எனக்குத் தெரிந்த விளக்குதான். இடது விளக்கு புத்தம் புதிதாக மின்னியது. அதற்குக் கீழே பம்பருக்குள்ளிருந்து கறுப்பாக ஏதோ ஒரு நுனி தொங்கிக்கொண்டிருந்தது. ஒயர் அறுந்திருக்கிறது போலும் என்று நினைத்தேன்.

“லைட்டு ஏன் மாத்தியிருக்கான்?”

“கல்லு கில்லு பட்டிருக்கும்.”

“உங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு கல்லு கெடைக்கும். நீங்க சர்ச்சுக்குப் போங்க. நான் இங்கதான் இருக்கப் போறேன்.”

போகும்போது இவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை, இடது விளக்கைத்தான் பார்த்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

எதிர்வீட்டு ரோசம்மாள் பால் பையை எடுக்க வந்தவள், “இன்னா ஏஞ்சல், வித்த வண்டி மறுபடி வந்துட்ச்சா?” என்று கேட்டாள்.

“வண்டி எங்களுது இல்ல,” என்றேன். அன்றிலிருந்து அந்த வாக்கியத்தை எத்தனை பேரிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

ஆராதனை முடிகிற நேரத்துக்கு ஒரு பைக்கில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். ஒருவர் எஸ்.ஐ. அவர் வண்டி நம்பரைப் பார்த்தார், பின்கண்ணாடியைப் பார்த்தார், கடைசியாகத்தான் என்னைப் பார்த்தார்.

“சோனியா யாரும்மா?”

“எம் பொண்ணு சார். ஏன்?”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஷிப்ட் விடுகிற நேரம், சிப்காட் ரோட்டில் ஒரு பெண்ணை இந்தக் கார் அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டதாம். முத்தம்மா என்று, ரோடு கூட்டுகிற காண்ட்ராக்ட் வேலைக்காரி, திருவள்ளூர் பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறாளாம். டீக்கடையில் நின்றவர்களுக்கு நம்பரில் பாதிதான் ஞாபகம் இருந்தது. கண்ணாடியில் இருந்த பேர் முழுதாக ஞாபகம் இருந்தது.

வாசலில் நிற்கிற அந்த வண்டியில் என் பிள்ளையின் பேர்.

“வண்டி எங்களுது இல்ல சார். ஜெகன்னு ஒருத்தருக்கு வித்துட்டோம்.”

“ஆர்சில யாரு பேரு?”

“என் ஊட்டுக்காரரு பேருதான். ஆவணில மாத்தறதா...”

“சரி. வித்த வண்டி உங்க ஊட்டு வாசல்ல இன்னா பண்ணுது?”

அதே கேள்வியைத்தான் நானும் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

இவர் சர்ச்சிலிருந்து வந்ததும் தெருமுனையிலேயே நிறுத்தி விசாரித்தார்கள். வெள்ளிக்கிழமை இவருக்குக் காலை ஷிப்ட். சாயங்காலம் வீட்டில்தான் இருந்தார். ஆனால் அதற்குச் சாட்சி நான் ஒருத்திதானே, பெண்டாட்டி சாட்சியை யார் மதிக்கிறார்கள்? “வண்டிய வித்ததுக்கு அப்பறம் ஜெகன்கிட்ட பேசினியா?” என்று எஸ்.ஐ. கேட்டார். “இன்னிக்குக் காலைலதான் பேசினேன் சார். நடுவுல வண்டியப் பத்திப் பேசவே இல்ல,” என்றார் இவர். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார்.

என்னோடு இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவர். பொய் சொன்னால் தரையைப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியாதா?

காரையும் இவரையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். போகும்போது இவர் தன் போனை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நான் ஆட்டோ பிடித்துப் பின்னாலேயே போனேன். ஆட்டோவில் உட்கார்ந்தபடி போனைத் திறந்து பார்த்தேன். வெள்ளிக்கிழமை மாலை, அந்த விபத்து நடந்த நேரத்துக்குக் கொஞ்சம் பின்னால், ஜெகனிடமிருந்து ஒரு அழைப்பு. இரண்டு நிமிஷம் பேசியிருக்கிறார்.

இவருக்குத் தெரிந்தே நடந்ததா? இரண்டு பேரும் சேர்ந்து பேசிவைத்துக்கொண்டுதான் வண்டியை விட்டார்களா? அப்போதுதான் முதல்தடவையாக என் சந்தேகம் என் வீட்டுக்காரர் மேலேயே திரும்பியது. தேங்காயைத் தட்டுகிற சந்தேகம் இல்லை அது. உள்ளே எரிந்தது.

ஸ்டேஷன் வாசலில் வேப்பமரத்தடியில் இவரை உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, போனை மடியில் வைத்தேன்.

“வெள்ளிக்கெழம ஜெகன் இன்னாத்துக்குப் போன் பண்ணான்?”

இவர் செருப்பைக் கழற்றி மறுபடி மாட்டினார். பிறகு, “வண்டிக்கு இன்சூரன்ஸ் ஓடுதாண்ணான்னு கேட்டான்,” என்றார்.

“ஏன்டான்னு நீங்க கேக்கல?”

“கேட்டேன். சும்மாதான்னான். கொரல் நடுங்கிச்சு.”

“அப்ப காலைல லைட்டப் பாத்ததும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.”

“தெரியும்னு சொல்ல முடியாது ஏஞ்சல்... ரெண்டு சின்னப் புள்ளைங்க வெச்சிருக்கான்.”

“நமக்கு மட்டும் இன்னா, புள்ள இல்லியா? அவ பேரு கண்ணாடில எழுதியிருக்குது! உங்கள உள்ள வெச்சிட்டா வேல போய்டும். அப்பறம் அவ எப்பிடிப் படிப்பா?”

கோபத்தில் கத்திவிட்டேன். ஒரு போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார். இவர் கைகளை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். அப்போது எனக்கு ஒன்று புரிந்தது. இவர் சதிகாரர் இல்லை, ஏமாளி. அதுவரைக்கும் நிம்மதி. ஆனால் ஏமாளியையும் ஜெயிலில் போடுவார்கள்.

மத்தியானத்துக்கு மேல் ஜெகனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நெற்றி நிறைய விபூதி, புது வெள்ளைச் சட்டை. கூடவே அவனுடைய பெண்டாட்டி சின்னப்பொண்ணு. எங்களைப் பார்த்ததும் அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெகன் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

“இந்த வண்டிய நீ வாங்கினியா?” என்று எஸ்.ஐ. கேட்டார்.

“இல்ல சார். ஆடி மாசத்துல எவன் சார் வண்டி வாங்குவான்? வாங்கலாமான்னு ட்ரையல் பாக்க எடுத்துக்கினு போனேன். வியாழக்கெழமயே அவங்க ஊட்லயே வுட்டுட்டேன். பூசை போடல, எலுமிச்சம்பழம் வெச்சி ஏத்தல, எங்க தெருவுல யார வேணா கேளுங்க. ஆவணிலதான் வாங்கறதா பேச்சு.”

அவன் சொன்னதில் பாதி நிஜம். பூசை போடவில்லைதான். எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றவில்லைதான். ஆவணி என்று பேசியதும் நிஜம்தான். எங்கள் பெரிய மனசை எடுத்து எங்கள் கழுத்திலேயே சுருக்குப் போட்டுவிட்டான்.

எஸ்.ஐ. தலையை ஆட்டினார். அவரும் இந்தப் பக்கத்து ஆள்தான். ஆடியில் யாரும் வண்டி வாங்க மாட்டார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இவரைப் பார்த்து, “பணம் வாங்கினதுக்கு எதுனா எழுத்து கீதா?” என்று கேட்டார்.

“இல்ல சார். பஸ்ல பக்கத்து சீட்டு...” என்று இழுத்தார் இவர்.

அந்த நேரத்தில் இவரை உலுக்க வேண்டும் போல் இருந்தது. எழுந்து வெளியே வந்துவிட்டேன். ஸ்டேஷன் முற்றத்தில் கார் நின்றது. ஆத்திரத்தில் அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். காலையில் பார்த்த அந்தக் கறுப்பு நுனி காற்றில் ஆடியது. குனிந்து பார்த்தேன். ஒயர் இல்லை, கயிறு. முன் நம்பர் பலகைக்குப் பின்னால் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தது, நடுவில் ஒரு படிகாரக் கட்டி. திருஷ்டிக் கயிறு.

உள்ளே ஓடினேன்.

“சார், ஒரு நிமிசம் வண்டியாண்ட வாங்க. நான் எதையும் தொடல. நீங்களே பாருங்க.”

எஸ்.ஐ. முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ஜெகனும் பின்னாலேயே வந்தான்.

“நாங்க சர்ச்சுக்குப் போறவங்க சார். எங்க ஊட்ல திருஷ்டிக் கயிறு எந்த வண்டிக்கும் கட்டினது இல்ல. எங்க ஊட்டுக்காரரு சைக்கிளுக்குக்கூட இல்ல. சர்ச்சுல யார வேணா கேளுங்க. இத யாரு கட்டினாங்கன்னு ஜெகனையே கேளுங்க.”

எஸ்.ஐ. குனிந்து பார்த்தார். நிமிர்ந்து ஜெகனைப் பார்த்தார்.

“ஏன்டா, ட்ரையல் பாக்க எடுத்த வண்டிக்கு எவன்டா திருஷ்டிக் கயிறு கட்டுவான்? அடுத்தவன் வண்டிக்குக் கண்ணு பட்டா ஒனக்கின்னா?”

நான் இவருடைய போனை நீட்டினேன். “வியாழக்கெழமயே வண்டிய வுட்டவரு வெள்ளிக்கெழம சாயந்தரம் எதுக்கு சார் இன்சூரன்ஸ் இருக்குதான்னு கேக்கணும்?” என் வீட்டுக்காரர் சொன்ன பொய்யும் அதோடு வெளியே வந்துவிட்டது. வரட்டும். பொய் சொன்னதற்கு எஸ்.ஐ. இவரை நன்றாகத் திட்டினார். எனக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட.

உடைந்தது ஜெகன் இல்லை, சின்னப்பொண்ணு. “எங்க அத்ததான் சார் கட்டினாங்க,” என்று அழுதாள். “புள்ள மொதமொதல்ல வாங்கின வண்டின்னு வந்த அன்னிக்கே கட்டினாங்க. வெள்ளிக்கெழமலேர்ந்து இவரு சோறு துன்னல சார்.” ஜெகன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஓரமாகக் கூட்டிக்கொண்டிருந்தவளைப் பார்க்கவில்லை, பயத்தில் ஓட்டிக்கொண்டு போய்விட்டேன் என்றான். அப்போதும் இவர் அவன் தோளில் கை வைக்கப் போனார். நான் முறைத்த முறைப்பில் கையை எடுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் இவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆட்டோவில் வரும்போது இவரைத் திட்டிக்கொண்டே வந்தேன், ஆனால் கையை விடவில்லை.

அந்த ஜெயிப்பு மறுநாள் வரைக்கும்தான். பொன்னேரி கோர்ட்டு வக்கீல் அஸ்கர் அலியைப் பார்க்கப் போனோம். பழவேற்காட்டுக்காரர், பொறுமையான மனுஷர். நான் கயிற்றுக் கதையைப் பெருமையாகச் சொல்லி முடிக்கிறவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

“கயிறு போலீசுக்குப் போதும்மா. ஓட்டினது ஜெகன்னு ஆயிடுச்சு, அந்தக் கேஸு அவரோட போயிடும். ஆனா அடிபட்ட அந்தம்மா நஷ்டஈடு கேட்டு வருவாங்கல்ல? அந்தக் கோர்ட்டு கயித்தப் பாக்காது. ஆர்சில யாரு பேரு இருக்குதோ அவருதான் ஓனரு. பணம் வாங்கினீங்களா, சாவி குடுத்தீங்களா, அதெல்லாம் உங்க ரெண்டு பேரு விவகாரம்.”

“இன்சூரன்ஸ் கட்டாதா சார்?” என்று இவர் கேட்டார்.

“ஓடிக்கினு இருந்தா கட்டும். நீங்க குடுத்த பேப்பர்ல இது ஆடி நடுவுலயே முடிஞ்சிபோச்சே, பாக்கலியா?”

இவர் என்னைப் பார்த்தார். வண்டி அவனுடையது, அவன் கட்டுவான் என்று இவர் இருந்திருக்கிறார். ஆவணியில் தன் பேரில் புதிதாகவே போட்டுக்கொள்ளலாம் என்று அவன் இருந்திருக்கிறான். நடுவில் அந்த வண்டிக்கு யாருமே இல்லை.

“எங்களாண்ட இருக்கறது திருநின்றவூர்ல ஒரு மனை மட்டும்தான் சார். எம் பொண்ணு கல்யாணத்துக்கு வெச்சிருக்கறது,” என்றேன்.

“அது உங்க ஊட்டுக்காரரு பேர்லயா?” என்று கேட்டு, வக்கீல் அதைத் தாளில் குறித்துக்கொண்டார். ஜெகன் மேல் பிற்பாடு தனியாக வழக்குப் போடலாம் என்றார். பிற்பாடு என்றால் எப்போது என்று நான் கேட்கவில்லை.

ரோசம்மாள்தான் எனக்கு அடுத்த சந்தேகத்தைக் கொடுத்தாள். “இப்பல்லாம் லேசா அடிபட்டாலே வக்கீலுங்க பெட்ல படுக்க வெச்சிடறாங்க ஏஞ்சல். நீ நேர்ல போய்ப் பாத்தியா?” என்றாள். எனக்கும் அது சரி என்று பட்டது. யார் சொன்னதை நான் பார்க்காமல் நம்பியிருக்கிறேன்? இவரிடம் சொல்லாமல் திருவள்ளூர் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு வாசலில் சொந்தக்காரி என்று சொல்லிக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

ஜன்னல் ஓரத்துக் கட்டிலில் இருந்தாள். என் வயதுதான் இருக்கும். ரோடு கூட்டும்போது போடுகிற பச்சைக் கோட்டு மடித்துத் தலைமாட்டில் இருந்தது. போர்வைக்குக் கீழே வலது கால் நீளமாகத் தெரிந்தது. இடது பக்கம் முழங்காலுக்குக் கீழே போர்வை கட்டிலோடு படிந்து கிடந்தது. அங்கே ஒன்றுமே இல்லை.

நான் சரிபார்க்க வந்தது அதைத்தான். பார்த்துவிட்டேன். திரும்பிப் போயிருக்கலாம். என்னால் நகர முடியவில்லை.

“யாரும்மா நீ?” என்று முத்தம்மா கேட்டாள். கண்ணைச் சுருக்கி என்னை மேலும் கீழும் அளந்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும், என்னுடைய பார்வைதான் அது. “வக்கீலாண்டேர்ந்து வரியா? இல்ல அவங்க ஆளா?”

“இல்லம்மா. சும்மா பாத்துட்டுப் போலாம்னு.”

“சும்மா யாரும் வர்றதில்ல,” என்றாள். “வண்டி ஓட்ன புள்ளையோட அம்மா வந்துச்சி. விபூதி வெச்சிட்டு, எம் புள்ள வண்டி இல்லம்மா, ஓனரு வேறன்னுச்சி. போலீசு வந்தாங்க, ஓட்னவன் வேற, ஓனரு வேறன்னாங்க. இன்சூரன்சு இல்லன்றாங்க. எல்லாரும் வராங்க, பாக்கறாங்க, அந்த வண்டி என்னுது இல்லன்னு சொல்லிக்கினு போறாங்க. அப்ப என்ன இடிச்சது யாரு வண்டிதாம்மா?”

அவள் என்னை அழவைக்கச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். என் வாயில் அந்தப் பழைய வாக்கியம் தயாராக இருந்தது. ரோசம்மாளிடம் சொன்னது, எஸ்.ஐ.யிடம் சொன்னது, வக்கீலிடம் சொன்னது. திருநின்றவூர் மனை ஞாபகம் வந்தது. சோனியா ஞாபகம் வந்தாள். இவள் முன்னால் எதையும் ஒத்துக்கொள்ளாதே என்று வக்கீல் சொல்லியிருப்பார், கேட்டிருந்தால்.

“எங்களுதும்மா,” என்றேன். “வண்டி எங்களுது.”

முத்தம்மா கட்டிலில் இடது பக்கம், கால் இல்லாத இடத்தில், போர்வையைக் கையால் ஒதுக்கினாள்.

“அப்ப குந்து,” என்றாள்.